கடவையில் ஒரு கந்தல்

ராகம் என்று நினைத்துத்தான் திறந்தேன்.
ராகம் இல்லையாம், கந்தல்.
கனடாவிலிருந்து சுகிர்தன் எழுதியிருந்தான்:
"அவங்கட பாசையில கிழிஞ்ச துணிக்குச் சொல்லுற சொல்லு.
தாளம் கிழிஞ்சு தொங்கும், கேளுங்கோ மச்சாள்."

தாடிக்காரன் ஒருவன்
ஏதோ ஒரு மாட்டுக்கொட்டிலுக்கு முன்னால்
வயலினை நாடிக்குக் கீழ் வைக்காமல் நெஞ்சில் சாய்த்து
சப்பாத்துக் காலால் பலகையை உதைத்து உதைத்து
ஒரு நிமிடம் ஐம்பது வினாடி வாசிக்கிறான்.
நான் படிக்கத் தொடங்கி ஏழு மாதம்.

என்னிடம் இருப்பது மண்டலின்.
வவுனியாவில் பழைய மின்விசிறிகளுக்கும்
உடைந்த மாவரைக்கும் மெசினுக்கும் நடுவே கிடந்தது.
எட்டுக் கம்பியில் ஏழு.
எட்டாவது, கிளச் வயரில் உரித்த ஓர் இழை.
பக்கத்துக் கம்பியும் அதுவும்
ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே சண்டை பிடிக்கும்.

வயலினுக்கும் இதற்கும் சுருதி ஒன்று,
விரல் போகும் வீடும் ஒன்று.
அவனுடைய வில் மட்டும்
ஓர் இழுப்பில் மூன்று சுரத்தை வழுக்கிக்கொண்டு போகிறது.
எனக்கு மூன்றுக்கும் மூன்று கொத்து,
ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் வெட்டிய முக்கோணத்தால்.

பனிக்கன்குளத்துக் கடவை. தகரக் கொட்டில், ஒரு கதிரை,
டோர்ச், இரண்டு கொடி.
போன் அடித்தால் தடியை இறக்க வேண்டும்,
ரயில் போனால் ஏற்ற வேண்டும்.
இடையில் கிடக்கும் நேரத்துக்குச் சம்பளத்தில் பெயரில்லை.

ரயில் சொல்லித் தரும் என்று முதலில் நம்பினேன்.
புதுத் தண்டவாளம், பொருத்தெல்லாம் உருக்கி ஒட்டியது;
தடக் தடக் கிடையாது,
நீளமாக ஓர் இரைச்சல், பிறகு தூசி.

பாதி வேகத்தில் போட்டுக் கேட்டேன்.
தாடிக்காரன் சேற்றில் படுத்த எருமையாய் முனகினான்.
சுரங்கள் பிடிபட்டன, எண்ணி எழுதினேன்.
எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்ததுதான் பிழை:
நேராக நடந்தது அது, பள்ளிக்கூடத்து வரிசை மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை, தடி இறங்கிக் கிடக்க,
மீன்காரர் றெஜினோல்ட் வந்து மாட்டுப்பட்டார்.
பெட்டியில் ஐஸ் உருகுகிறது,
முல்லைத்தீவிலிருந்து ஓடிவந்த சூடை
வெயிலைப் பார்த்து முழிக்கிறது.
ரயிலைக் காணோம்.
அவருக்குப் பொறுக்கவில்லை,
பெட்டி மூடியில் விரலால் தட்டத் தொடங்கினார்:
தகிட தகிட தக
தகிட தகிட தக

மூன்று, மூன்று, மீதிக்கு இரண்டு.
கால் விழுமென்று பார்த்த இடத்தில் கால் இல்லை,
அரைப்படி தள்ளி விழுகிறது,
குழிக்கு விலத்தும் மோட்டார்சைக்கிள் மாதிரி.
"நிப்பாட்டாதேங்கோ" என்றேன்.
"என்னத்தை?" என்று நிப்பாட்டிவிட்டார்.

அதன் பிறகு வலது கைக்குத்தான் படிப்பு.
இரண்டு கிழமை வெறும் கை, கம்பியை அமத்திக்கொண்டு,
தகிட தகிட தக.
குரங்குகள் தகரத்தில் இருந்து கேட்டன,
ஒன்று கொட்டாவி விட்டது.
பிறகு சுரங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் காயப்போட்டேன்.
முதல் பகுதி கிழிந்தது, நல்ல கிழிசல்.
இரண்டாவதும்.

மூன்றாம் பகுதி வேறு சுருதியில் குடியிருக்கிறது.
சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறுகிறான் தாடிக்காரன்,
சின்னவிரல் எட்டாத உயரத்துக்கு.
அங்கேதான் கிளச் வயர் காட்டிக்கொடுக்கும்.

நேற்று மாங்குளத்திலேயே ரயிலை மறித்து வைத்துவிட்டார்கள்,
பதினெட்டு நிமிடம் தடி கீழே.
ஓர் உழவு இயந்திரம், இரண்டு சைக்கிள்,
உரிமையாளர் இல்லாத நாலு மாடு.
வாசித்தேன், ஒன்றிலிருந்து தொடங்கி.
இரண்டாவதில் உழவு இயந்திரக்காரர் எஞ்சினை நிப்பாட்டினார்.
டீசல் விலைக்காகவும் இருக்கலாம்.

மூன்றாவதில் காலெடுத்து வைத்தேன்,
நாலு சுரம் ஏறினேன்,
ஐந்தாவதற்குச் சின்னவிரல் நீளும்போது
தெற்கே கூவிற்று.
முக்கோணத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
பச்சைக் கொடியைத் தேடினேன்.